விலையே எல்லாத் தகவலையும் சொல்லிவிடும் என்று பொருளாதார அறிஞர் ஹாயெக் சொன்னது நம் ஊர் நெல் வியாபாரத்துக்குப் பொருந்துமா?

பொருந்தாது. கேட்டவர் பொருளாதாரம் படிக்கிற மாணவர் என்று நினைக்கிறேன், நாளைக்குத் தேர்வும் இருக்கலாம். தேர்வுக்கு வேறு பதில் எழுதிக்கொள்ளுங்கள். இது நீடாமங்கலம் பக்கம் ஒன்பது மா நிலம் வைத்திருக்கிறவனின் பதில்.

ஹாயெக் 1945-ல் எழுதிய கட்டுரையில் வெள்ளீயத்தை உதாரணம் காட்டுகிறார். உலகத்தில் எங்கோ வெள்ளீயம் தட்டுப்பாடு. ஏன் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். விலை ஏறியதைப் பார்த்தே எல்லோரும் சிக்கனமாகிவிடுவார்கள். ஒரு ஊரில், ஒரு நேரத்தில், ஒரு ஆளுக்கு மட்டுமே தெரிந்த சின்னச் சின்ன விஷயங்களை எந்த அதிகாரியாலும் மேலே உட்கார்ந்து திரட்ட முடியாது, விலைதான் திரட்டும் என்கிறார். அழகான வாதம். கும்பகோணத்தில் ஈயச்சொம்பு விலை கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பிய எங்கள் வீட்டம்மாவும் இதை ஒப்புக்கொள்வார்.

சரி, நெல்லுக்கு வருவோம். 2025 குறுவை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், தண்ணீருக்குக் குறையில்லை. ஆடுதுறை 43 என்கிற சன்ன ரகம் போட்டேன். அறுத்தது அக்டோபரில், மழையும் அப்போதே பிடித்துக்கொண்டது. சன்ன ரகத்துக்கு அப்போது அரசு விலை குவிண்டால் 2,545 ரூபாய் (மத்திய அரசின் 2,389, மாநில ஊக்கத்தொகை 156). ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். என் நெல்லில் 22 காட்டியது. கொள்முதல் நிலைய வாசலில் எனக்கு முன்னால் எத்தனை குவியல் என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டேன்.

காயவைக்க இடம் எங்கே? எங்கள் ஊர்க் களத்தில் இப்போது சமுதாயக் கூடம் நிற்கிறது. ரோட்டில் கொட்டினால், டூவீலரில் போகிறவர்கள் நம் அம்மாவை இழுத்துத் திட்டுகிறார்கள். அதே ஆட்கள் பொங்கலன்று உழவரை வணங்குவோம் என்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எங்கேயாவது சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் நாள் வியாபாரி வந்தார். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். 60 கிலோ மூட்டை 1,100 என்றார். நான் பேசாமல் நின்றேன். "நாளைக்கும் மழைதான் தம்பி. நகைக்கும் பத்தாம் நாள் கெடு போல. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கெடு அவருக்கு எப்படித் தெரியும்? அடகு வைத்த நகையைப் பற்றி டீக்கடையில் நானே புலம்பியிருக்கிறேன். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியாது, முழுப் பணமும் கட்டித்தான் நகையைத் திருப்ப வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள் என்று. அந்த 1,100-க்குள் என்ன தகவல் இருந்தது என்று பாருங்கள். உலகத்தில் அரிசி மலிந்துவிட்டதா? இல்லை. என் மனைவியின் சங்கிலி எந்தத் தேதியில் ஏலத்துக்குப் போகும் என்ற தகவல் இருந்தது. ஹாயெக் சொன்ன அந்தச் சின்ன விஷயம் இதுதான். விலை அதைத் திரட்டியது, மறுக்கவில்லை. திரட்டி வியாபாரி கையில் கொடுத்தது. அவருடைய லாரி எங்கே நிற்கிறது, அவர் காயவைக்கிற இடம் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, என்னால் காத்திருக்க முடியாதே.

90 மூட்டையை அந்த விலைக்கே அவரிடம் போட்டேன். காய்ந்து குறையும் எடையைக் கழித்தாலும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறுவதைக் கழித்தாலும், எனக்கு 25,000 ரூபாய் போச்சு.

உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் வருவீர்கள் என்று தெரியும். கீழ்த்தஞ்சைக்காரன் என்றதும் சிவப்புக் கொடி என்பீர்கள். நான் எந்தக் கொடியும் பிடித்ததில்லை. வியாபாரி மேலும் கோபமில்லை, நனைந்த நெல்லுக்கு அன்று பணம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். ஹாயெக் அரசே வேண்டாம் என்று சொன்னவர் அல்ல என்பதும் தெரியும், அடிப்படைத் தேவைக்கு அரசு பொறுப்பேற்கலாம் என்று 1944-லேயே எழுதியவர். என் சண்டை அந்த வெள்ளீய உதாரணத்தோடுதான். வெள்ளீயம் முளைக்காது. குவியலில் நனைந்து கிடக்கிற நெல் சில நாளில் முளைத்துவிடும். காத்திருக்கக்கூடியவனும் காத்திருக்க முடியாதவனும் எதிரெதிரே நிற்கும்போது, முடியாதவனின் அவசரத்தைத்தான் விலை சொல்கிறது.

'அப்படியானால் அரசு பார்த்துக்கொள்ளட்டும்' என்கிறவர்களுக்கும் ஒன்று. அந்த 17 சதவீத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டது, டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போனது. அதற்குள் என் நெல் கைமாறிவிட்டது. அதே நெல் காய்ந்து யாரோ ஒரு விவசாயியின் சிட்டா அடங்கலை (நில, சாகுபடிச் சான்று) காட்டிக் கொள்முதல் நிலையத்துக்கே போனது என்று ஊரில் பேச்சு. நான் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இந்த முறை பெரிய படுதா இரண்டு வாங்கிவிட்டேன். நகையை வேறு ஊரில் வைத்திருக்கிறேன். கெடு எப்போது என்று எனக்கும் வீட்டம்மாவுக்கும்தான் தெரியும். டீக்கடையில் அரசியல் மட்டும் பேசுகிறேன்.