கொய்யாவில் உட்கார்ந்த ஈ புது இனமா? சுங்கை சிப்புட் கேள்விகளுக்குப் பதில்

போன வாரம் ஒரு தம்பி தன் வீட்டுக் கொய்யாவில் எடுத்த ஈயின் படத்தைப் போட்டு, "இது யாரும் பார்க்காத இனமா அங்கிள்?" என்று கேட்டார். அதைத் தொட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஈக்களை இனம் பிரித்து வைப்பதே என் பிழைப்பாக இருந்தது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாம் படிவ மாணவர்: பார்க்கக் குளவி மாதிரி இருக்கு, முதுகில் மஞ்சள் கோடு. புதுசா அங்கிள்?

புதுசு இல்லை தம்பி. இது பழ ஈ, பாக்ட்ரோசெரா சாதி, அதற்குள் பல இனம் உண்டு. எந்தப் பாக்ட்ரோசெரா என்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் முதுகு. உங்கள் ஈக்கு ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு மஞ்சள் கோடு. நடு முதுகிலும் மூன்றாவதாக ஒன்று ஓடியிருந்தால் அது பாகல், பீர்க்கைத் துளைக்கிற சூகோடாகஸ் குக்குர்பிட்டே போன்ற ஒன்று. அது இல்லை என்று ஆகிவிட்டது. வயிற்றில் 'டி' எழுத்து போலக் கருப்பு அடையாளம் தெரிகிறது. ஆக, டார்சாலிஸ் கூட்டத்துக்குள், அதாவது ஒன்றுபோலவே தெரியும் நெருங்கிய இனங்களுக்குள், வந்துவிட்டோம். நம் ஊரில் இந்தக் கூட்டத்தில் அதிகம் குழப்புகிற இருவர் டார்சாலிஸும் கராம்போலேயும்.

இருவருக்கும் இறக்கையின் முன் விளிம்பில் ஒரு கருப்புப் பட்டை உண்டு. டார்சாலிஸுக்கு அது குறுகலாக, கீழே ஓடும் நரம்போடு நின்றுவிடும். கராம்போலேக்கு அந்த நரம்பைச் சற்றுத் தாண்டும், இறக்கை நுனியில் தூண்டில் முள் போலக் கொஞ்சம் அகலும். வயிற்றின் நான்காம் கட்டில், ஓர மூலையில் உள்ள கருப்பு கராம்போலேக்குச் செவ்வகமாகவும் டார்சாலிஸுக்கு முக்கோணமாகவும் இருப்பது வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்கிறேன், நடுவில் நிற்கிற ஈக்களும் உண்டு. உங்கள் படத்தில் இறக்கை மடங்கியிருக்கிறது. அதனால் இரண்டில் எது என்று நான் சொல்லமாட்டேன்.

அதே மாணவர்: என் அண்ணனின் பழைய பாடக்குறிப்பில் 'பாக்ட்ரோசெரா பப்பாயே' என்று போட்டிருக்கே?

அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. அதன் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளணும்.

டார்சாலிஸுக்கு ஹெண்டல் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தது 1912-ல், தைவான் ஈக்களைப் பார்த்து. 1994-ல் ட்ரூ, ஹான்காக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கூட்டத்தை அலசி, பப்பாயே, கராம்போலே, பிலிப்பினென்சிஸ் என்று புது இனங்களாகப் பிரித்தார்கள். 2003-ல் கென்யாவில் ஒரு பழ ஈ முளைத்து ஆப்பிரிக்காவெங்கும் பரவியது, 2005-ல் அதற்கு இன்வேடன்ஸ் என்று பெயரிட்டார்கள். பிறகு பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இறக்கையை அளந்தார்கள், மரபணுவைப் படித்தார்கள், ஆண் ஈ பெண்ணை அழைக்கும் வாசனையைப் பிரித்தார்கள், ஒன்றோடொன்று கூடுகிறதா என்று கூண்டில் விட்டுப் பார்த்தார்கள். பப்பாயேவும் இன்வேடன்ஸும் டார்சாலிஸோடு தடையில்லாமல் கூடின, முட்டையும் இட்டு வம்சம் நடத்தின. 2015-ல் எல்லாவற்றையும் டார்சாலிஸ் என்ற பழைய பெயருக்குள் சேர்த்தார்கள். கராம்போலே மட்டும் தனியாக நின்றது, அதன் வாசனையே வேறு.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. ஒரு நாட்டில் இருக்கும் ஈ இன்னொரு நாட்டில் இல்லை என்றால் பழ ஏற்றுமதிக்குத் தடை வரும். பெயர் மாறினால் தோட்டக்காரன் வருமானமும் மாறும்.

ஆண் ஈயைப் பார்க்க ஆசையாக இருந்தால், காலையில் கோயில் துளசியில் ஓர் இலையைக் கசக்கி வைத்துப் பாருங்கள். பல துளசிகளில் மெத்தில் யூஜினால் என்ற, ஆண் ஈக்களை இழுக்கிற வாசனைப் பொருள் உண்டு. சற்று நேரத்தில் ஆண்கள் வந்து இலையை நக்கத் தொடங்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும், கையை ஆட்டினாலும் போகாது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: ஒரு ஈயைப் புது இனம் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

டீச்சர், புது ஈயைப் பார்ப்பதைவிட அதன் சொந்தக்காரர்களைப் பார்ப்பதில்தான் அதிக நாள் போகும். ஏற்கெனவே பெயர் பெற்ற ஒவ்வோர் உறவையும், முடிந்தால் அவற்றின் மூல மாதிரியையே (பெயர் வைத்தபோது அடையாளமாகக் காட்டிய அந்த உடலையே), பக்கத்தில் வைத்து ஒப்பிடணும். தலையில் எந்த மயிர் எந்தப் பக்கம் சாய்கிறது, இறக்கை நரம்பு எங்கே வளைகிறது என்று ஒவ்வொன்றாகப் போகும்.

பல ஈக் குடும்பங்களில் வெளித்தோற்றம் ஏமாற்றும், ஆண் உறுப்பு ஏமாற்றாது. வால் நுனியை வெட்டி, காரக் கரைசலில் சூடாக்கினால் சதை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். கிளிசரின் சொட்டில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். கொக்கி, மடல், முள் எல்லாம் தேன் நிறத்தில் தெரியும். வெளியே அச்சு அசலாக இருந்த இரண்டு ஈக்களில் ஒன்றுக்குக் கொக்கி வளைந்தும் மற்றதற்கு நேராகவும் இருப்பதை முதன்முதலில் கண்ட நாளில் நான் மதியச் சாப்பாட்டை மறந்தேன். பார்த்து முடித்த துண்டைச் சின்னக் குப்பியில் போட்டு அதே ஈயின் ஊசியில் குத்தி வைக்கணும். உடம்பும் துண்டும் பிரிந்தால் இரண்டும் வீண்.

எல்லா ஈக்கும் இதே வழி இல்லை. கேமரன் மலை ஓடைகளில் கடிக்கிற சின்னக் கருப்பு ஈக்களுக்குக் கூட்டுப்புழுவின் செவுள் இழைகளை எண்ணுவோம். அது எத்தனை, எப்படிக் கிளைக்கிறது என்பது பெரிய துப்பு. ஜப்பானிய ஆய்வாளர் தகாவோகா இப்படி நம் நாட்டில் நிறைய புது இனங்களை விவரித்திருக்கிறார்.

பாலிடெக்னிக் மாணவி: டிஎன்ஏ பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா?

உதவும், ஆனால் அது மட்டும் போதாது தங்கச்சி. வழக்கமாகப் படிப்பது சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 658 எழுத்துகள். நாம் மேலே பேசிய டார்சாலிஸையும் கராம்போலேயையும் அந்தத் துண்டு தெளிவாகப் பிரிப்பதில்லை.

முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்: காட்டை வெட்டினால் காய்ச்சல் போகும் என்று துரை சொன்னாராம், வெட்டிய பிறகு மலைத் தோட்டத்தில் இன்னும் கூடியதாம். என் பாட்டி சொன்னது. நடந்திருக்குமா?

பாட்டி சொன்னதில் பொய் இல்லை அம்மா. கொசுவும் ஈ வகைதான், இரண்டே இறக்கை. பின் இறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போல ஒரு குமிழ் இருக்கும்.

1901-ல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். கிள்ளானிலும் இன்று போர்ட் கிள்ளான் என்கிற துறைமுகத்திலும் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தார், மலேரியா இறங்கியது. காரணம், தாழ்ந்த நிலத்தில் நோய் பரப்பிய அனாபிலஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு நிழல் விழுந்த சதுப்பு நீரில் முட்டையிடும். நிழல் போனதும் அது போனது. அதே வைத்தியத்தை மலைத் தோட்டத்தில் செய்தபோது நேர்மாறாக ஆனது. அங்கே இருந்தது அனாபிலஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வெயில் படுகிற தெளிந்த ஊற்றும் ஓடையும் வேண்டும். மரத்தை வெட்டி ஓடைக்கு வெயில் காட்டியதும் அது பெருகியது, லயங்களில் நம் சனம் சாய்ந்தது. பிறகு ஊற்று நீரைக் குழாயில் மண்ணுக்கடியில் இறக்கினார்கள், எண்ணெய் தெளித்தார்கள்.

இரண்டும் அனாபிலஸ். ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்குத் தீனியானது. அந்த மாக்குலேட்டஸும் ஓர் இனம் இல்லை, ஒரு கூட்டம் என்று பின்னால் தெரிந்தது. இன்னும் பிரிக்கிற வேலை நடக்கிறது. எங்கள் குடும்பத்திலும் காய்ச்சலில் போனவர்கள் உண்டு. அதனால் இதைப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறும்.

செம்பனைத் தோட்ட மண்டோர்: ஆண் பூவில் மொய்க்கிற பழுப்பு ஈ எந்த இனம்?

அது ஈ இல்லை அண்ணே, மூக்கு நீண்ட வண்டு. மகரந்தம் சேர்க்கக் கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981-ல் தோட்டங்களில் விட்டது. பழைய கொக்கோ மரம் இருந்தால் அந்தப் பூவைப் பாருங்கள், அங்கே வருவது உண்மையான ஈ, பொடி மாதிரி இருக்கும்.

கடைக்காரர் ஒருவர்: புது ஈ கிடைத்தால் என் அம்மா பெயரை வைக்கலாமா?

தாராளமாக. பெண் பெயரென்றால் முடிவில் 'ஏ', ஆண் பெயரென்றால் 'ஐ' சேரும். ஆனால் பெயர் செல்ல, முறையாக வெளியிட்ட விவரிப்பு வேண்டும், எந்த உடல் மூல மாதிரி, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் சொல்லணும். விலங்குப் பெயர்க் கணக்குத் தொடங்குகிற 1758-லிருந்து யாராவது அதே ஈக்கு முறைப்படி பெயர் வைத்திருந்தால் முந்தியவர் பெயரே நிற்கும்.

மீண்டும் முதல் மாணவர்: அங்கிள், இன்னொன்று பிடித்துவிட்டேன். போத்தலில் இருக்கு. என்ன செய்ய?

அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். இறக்கையை விரித்து மேலிருந்து ஒரு படம், வயிற்றுக்கு ஒரு படம். வால் முனை ஊசி போல நீண்டிருந்தால் பெண். அப்படியென்றால் முன்காலின் தொடையில் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், கராம்போலே பெண்ணுக்கு அது இருப்பதுண்டு. பிறகு 95 விழுக்காட்டு ஆல்கஹாலில் போடுங்கள். தோட்டப் பெயர், என்ன மரம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடணும். பேனா வேண்டாம். நான் ஒருமுறை பேனாவால் எழுதி, மறுநாள் குப்பி முழுக்க நீல நீரும் வெள்ளைக் காகிதமும் இருந்தன. அந்த ஈக்கள் எந்த ஓடையில் கிடைத்தன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.