ஃபிராங்க்ளின் வீட்டு எலும்புகள்

கேள்வி: லண்டனில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாழ்ந்த வீட்டுக்கு அடியில் மனித எலும்புகள் கிடைத்ததாக யூடியூபில் பார்த்தேன். அவர் கொலைகாரரா? இதை ஏன் மறைக்கிறார்கள்?

பதில்: கொலைகாரர் இல்லை. யாரும் மறைக்கவும் இல்லை, அந்த எலும்புகளில் சில அங்கேயே காட்சிக்கு இருக்கின்றன.

சேரிங் கிராஸ் பக்கத்தில், கிராவன் தெரு 36-ம் எண் வீடு, 1730 வாக்கில் கட்டியது. அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான ஃபிராங்க்ளின் அங்கே வாடகைக்கு இருந்தவர். 1757-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா சட்டசபையின் பிரதிநிதியாக வந்தார், நடுவில் ஊருக்குப் போன இரண்டு வருடம் போக 1775 வரை அந்தத் தெருவாசிதான். வீட்டுக்காரம்மா மார்கரெட் ஸ்டீவன்சனின் மகள் பாலியைக் கட்டிக்கொண்டவர் உடற்கூறு ஆசிரியர் வில்லியம் ஹியூசன். தன் குருவோடு பிணக்காகி, 1772-ல் மாமியார் வீட்டிலேயே, பிணங்களை அறுத்துப் பாடம் சொல்லும் உடற்கூறுப் பள்ளி தொடங்கினார். ஃபிராங்க்ளினும் மார்கரெட்டும் அதே தெருவில் வேறு வீட்டுக்கு மாறிக்கொண்டார்கள்.

1998-ல் பழுதுபார்க்கும்போது 1200-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்தன, குறைந்தது 15 பேருடையவை. அறுத்த எலும்புகள், துளையிட்ட மண்டையோடுகள். கூடவே ஆமை எலும்பும் பாதரசமும். ஆமையின் நிணநீர்க் குழாய்களுக்குள் பாதரசம் ஏற்றி ஆராய்ந்தவர் ஹியூசன், அப்புறம் வேறு யாரைத் தேடுவது?

சரி, ஏன் ரகசியமாகப் புதைத்தார்கள்? அன்று சட்டப்படி அறுக்கக் கிடைத்தவை தூக்கிலிட்ட குற்றவாளிகளின் உடல்கள்தான், அவை போதவில்லை. புதைகுழிகளைத் தோண்டித் திருடி விற்க ஆட்கள் இருந்தார்கள், அப்படிப் பறிபோனவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அந்தக் குழியில் குழந்தைகளும் இருந்தார்கள், ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அவர்களைப் பற்றி. ஹியூசனும் 1774-ல், பிணம் அறுக்கும்போது கையில் பட்ட காயம் விஷமேறி, 34 வயதில் செத்தார். அதே தெருவில் இருந்த ஃபிராங்க்ளினுக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். தெரிந்திருப்பது வேறு, கொலை செய்வது வேறு.

பிலடெல்பியாவில் அவர் சொந்தமாகக் கட்டிய வீட்டை 1812-ல் இடித்துவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் வீட்டின் வடிவத்தை எஃகுச் சட்டங்களால் நிறுத்தியிருக்கிறார்கள். அவர் வாழ்ந்தவற்றில் மிஞ்சியது கிராவன் தெரு வீடு ஒன்றுதான். பிரிட்டனின் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் முதல் தரத்தில் இருப்பதால் பழைய மாடிப்படி, மரப்பலகைச் சுவர்களைக்கூடப் பெயர்த்தெறியாமல் பொறுமையாகச் சீர்செய்து, அவருடைய 300-வது பிறந்தநாளில், 2006 ஜனவரி 17 அன்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இடித்துவிட்டு ஓட்டல் கட்டியிருந்தால் அந்த எலும்புகள் மண்ணோடு மண்ணாக லாரியில் போயிருக்கும், ஹியூசனின் பள்ளியைப் பற்றி நாம் இன்று இவ்வளவு பேசிக்கொண்டிருக்க மாட்டோம். வீடியோ போட்டவருக்கும் இதை அனுப்பிவையுங்கள்.