வாசகர் கேள்வி – பதில்: வானிலைப் பயிற்சிக்கு எங்கே போவது?

கேள்வி: ஐயா, எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இரண்டு மாதம் வானிலை முன்னறிவிப்பில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. எங்கள் ஊரிலேயே வானிலை நிலையம் இருக்கிறதே, அங்கேயே கேட்கலாமா? போவதற்கு முன் என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?
– ஒரு மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கடலூர் நிலையத்தில் முக்கியமாக நடப்பது அளவெடுப்பு. காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று, மழைமானியில் சேர்ந்த தண்ணீர் எல்லாவற்றையும் நேரம் தவறாமல் பார்த்து, பதிந்து அனுப்புவார்கள். மாவட்டவாரியாக முன்னறிவிப்பு எழுதி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுப்பது சென்னை நுங்கம்பாக்கம் மையம். நீங்கள் பார்க்க ஆசைப்படுவது அந்த வேலை என்றால், துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி அங்கே எழுதுங்கள், அதையும் ஜூன், ஜூலையிலேயே எழுதிவிடுங்கள், கடலில் புயல் சின்னம் நிற்கும்போது உங்கள் கடிதத்தைப் பிரிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

சரி, அதற்கு முன்னால் நம்மூர் நிலையத்தில் அனுமதி கேட்டு, ஒரு வாரமாவது காலை 8.30 மணி அளவெடுப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் பெய்த சுமார் 48 செ.மீ. மழை டிசம்பர் 1 கணக்கில் இருக்கிறது, ஆனால் அந்தக் கணக்கு தொடங்கியது நவம்பர் 30 காலையில். செயற்கைக்கோள் படத்திலோ யூடிசி (உலகப் பொது நேரம்) போட்டிருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். பயிற்சிக் காலத்தில் நான் இதைக் கவனிக்காமல் மேகப்படத்தையும் மழை அளவையும் ஒரு நாள் தள்ளி ஒப்பிட்டு, ஒரு வார வேலையை முதலிலிருந்து செய்தேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்புறம், இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். தினமும் சாயங்காலம், யாருடைய முன்னறிவிப்பையும் பார்க்காமல், நாளைக்குக் கடலூரில் எத்தனை மில்லிமீட்டர், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். மறுநாள் உண்மை அளவைப் பக்கத்தில் எழுதுங்கள், முதல் நாள் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். இந்தத் தொழிலின் உயிரே அந்த நோட்டில்தான் இருக்கிறது, ஏனென்றால் மழை பெய்து முடிந்த பிறகு காரணம் சொல்ல எல்லோராலும் முடியும். கனமழை என்பது 64.5 மி.மீ.யில் தொடங்குகிறது. நீங்கள் கனமழை என்று எழுதி 10 மி.மீ. பெய்தால் அது பொய் எச்சரிக்கை, மிதமான மழை என்று எழுதி 90 பெய்தால் தவறவிட்டது. இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். தேவனாம்பட்டினத்து மீனவருக்கு முதல் தவறு ஒரு நாள் கூலி, இரண்டாவது தவறில் உயிரே போகலாம். எந்தத் தவறை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்று பணியில் இருக்கும் அதிகாரி ராத்திரி இரண்டு மணிக்கு யோசிப்பாரே, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத்தான் நீங்கள் போகிறீர்கள்.

நோட்டில் கடலூரை மட்டும் எழுதினால் போதாது. ஃபெஞ்சல் கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களில் கொட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவாகி, சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணையில் வந்த வெள்ளம்தான் நம் பக்கத்துத் தெருக்களை மூழ்கடித்தது. அன்று நம் ஊர் மழைமானியை மட்டும் பார்த்தவருக்கு அந்தத் தண்ணீர் தெரிந்திருக்காது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மழையையும் தினமும் எழுதுங்கள். முடிந்தால் காரைக்காலுக்கும் ஒரு தடவை போய்வாருங்கள், அங்கே மேல்காற்றை அளக்கும் பலூன் விடுகிறார்கள், ரேடாரும் இருக்கிறது.

கேள்வி: என் மகன் பி.சி.ஏ. படிக்கிறான். இந்தப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் வானிலைத் துறையில் வேலை நிச்சயமா?
– ஒரு தகப்பனார், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லைங்க. அறிவியல் உதவியாளர் பதவிக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) தேர்வு வைத்துத்தான் எடுக்கிறது. 2022 அறிவிப்பில் இயற்பியல் பட்டதாரிகளோடு கணினி படித்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும். தம்பி படித்தாரா என்று முதலில் பாருங்கள்.

ஆனாலும் பயிற்சிக்கு அனுப்புங்கள், போவதற்கு முன் பைத்தான் என்ற கணினி மொழியில் வரைபடம் போடக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், வானிலையைக் கணக்கிடும் கணினி மாடல்களின் கோப்புகளைத் திறந்து காட்டத் தெரிந்த பிள்ளையை அங்கே மறுநாளே வேலையில் உட்கார வைப்பார்கள். இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: அங்கே பார்த்த படத்தைப் போட்டோ எடுத்து, 'புயல் நம்ம ஊருக்குத்தான் வருது' என்று வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. 2011 தானே புயலை அனுபவித்த ஊர்கள் இவை, அப்படி ஒரு செய்தி வந்தால் அன்றைக்கு ராத்திரி இங்கே யாரும் தூங்க மாட்டார்கள்.