பழைய மேடையை உடைக்காமலே புதுச் சமையலறை
வீட்டைப் புதுப்பிப்போர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீடு கட்டி 26 வருடம் ஆகிறது. சமையலறை 10-க்கு 8 அடி. 'எல்' வடிவ கிரானைட் மேடை, கீழே கடப்பா கல் தட்டுகள். மாடுலர் கிச்சன் போட விசாரித்தால், மேடையை முழுக்க உடைத்தால்தான் முடியும் என்கிறார்கள். எங்கள் தெரு ஆசாரியோ உடைக்கவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலான வீடுகளுக்கு ஆசாரி சொல்வதுதான் சரி. இத்தனை வருடம் அசையாமல் நின்ற கான்கிரீட் மேடைக்கு ஈடான பலகைப் பெட்டி கிடையாது. கிரைண்டர் ஓடினாலும் அதிராது, தண்ணீர் தேங்கினாலும் ஊறாது. உடைத்தால் செலவு மேடையோடு நிற்காது. சுவர் டைல்ஸ் பெயரும், தரையில் ஒட்டுப்போட வேண்டிவரும், புதிதாக கிரானைட் வாங்க வேண்டும், இடிபாட்டை அள்ள வண்டிக்கூலி தனி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் பெட்டி உள்ளே வரும்.

ஆனால் முடிவெடுக்கும் முன் மூன்றைச் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது உயரம். அதிகம் சமைப்பவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 4 அல்லது 5 அங்குலம் கழித்தால் வருவதே அவருக்கு ஏற்ற மேடை உயரம். 5 அடி 1 அங்குலம் இருப்பவருக்கு இது 33 அல்லது 34 அங்குலமாக இருக்கும். பழைய மேடைகள் 30 அங்குலத்தில் நிற்பது சகஜம். குனிந்து குனிந்து இடுப்பு வலிப்பது அதனால்தான். இரண்டு அங்குலம்தான் குறைவு என்றால், பழைய கல்லைக் கொத்திவிட்டு ஓர் அங்குலக் கலவை போட்டு, அதன்மேல் 18 மி.மீ. கிரானைட் பதிக்கலாம். சிங்கையும் குழாயையும் அதே அளவு உயர்த்த வேண்டும் என்பதை முன்கூட்டியே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். 29 அங்குலத்துக்கும் கீழே என்றால் உடைப்பதே நல்லது.

இரண்டாவது, கற்களுக்கு நடுவே உள்ள அகலம். நிற்கும் கடப்பா கற்கள் தூக்குக்குண்டு வைத்ததுபோல நேராக இருப்பது அரிது. இரு கற்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு அறையையும் முன்னால், நடுவில், பின்னால் என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கணக்கில் எடுங்கள். கம்பிக்கூடைகள் பொதுவாக 15, 17, 19, 21 அங்குல அகலத்தில் வரும். கூடை ஓடும் தண்டவாளமான சேனலுக்கு இருபுறமும் அரை அங்குலம் வேண்டும். ஆகவே 15 அங்குலக் கூடைக்கு உள்ளிடம் 16. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை நிறுத்தினால் கல்லுக்குக் கல் 17½ அங்குலம் இருக்க வேண்டும். 17 தான் இருக்கிறது என்றால் அந்த அறையில் கூடைக்கு ஆசைப்படாதீர்கள். குறுக்குத் தட்டை அப்படியே விட்டு, கதவு மட்டும் போடுங்கள். கூடை வருகிற அறையில் குறுக்குத் தட்டை அறுத்தெடுக்க வேண்டும். நிற்கும் கல்லைத் தொடக்கூடாது, மேடையைத் தாங்குவது அதுதான்.

மூன்றாவது ஈரம். மேடைக்கடியில் பின்சுவரில் ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் வழியாக ஈரம் வருகிறது. குழாய்க் கசிவா, பின்புறக் குளியலறையா என்று கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் அங்கே மரவேலை செய்தால் அது காசைக் கரைப்பதுதான்.

மூன்றும் சரி என்றால் மேடையை வைத்துக்கொண்டு, சட்டமும் கதவும் மூன்று நான்கு இழுப்பறைகளும் மட்டும் போடுங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல கீலுக்கும் சேனலுக்கும் கொடுங்கள். தினமும் கை படுவது அவற்றில்தான்.

கேள்வி: இரண்டு பேர் விலை கொடுத்தார்கள். ஒருவர் சதுர அடி 1,500 ரூபாய், இன்னொருவர் 450 ரூபாய். இரண்டும் ஒரே பிளைவுட்தான் என்கிறார்கள். இவ்வளவு வித்தியாசம் எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: இருவரும் அளப்பது ஒரே பரப்பை அல்ல. முதலாமவர் முன்பக்கத்தை மட்டும் அளக்கிறார். இரண்டாமவர் பெட்டிக்குப் போகும் ஒவ்வொரு பலகையையும் அளக்கிறார். அதனால் 450 ரூபாய் மலிவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி நீளத்துக்குக் கீழ்ப்பெட்டிகள். 2 அடி அகலத்தில் 6. கால்களைத் தவிர்த்து உயரம் 28 அங்குலம், ஆழம் 2 அடி. ஒரு பெட்டிக்குப் பக்கப் பலகை இரண்டும் சேர்ந்து 9⅓ சதுர அடி, அடிப்பலகை 4, கதவு 4⅔, மேலே கல்லைத் தாங்கும் 4 அங்குலப் பட்டை இரண்டு 1⅓. ஆக 19⅓. ஆறு பெட்டிக்கு 116. இரண்டு பெட்டியில் உள்தட்டு வைத்தால் இன்னும் 8. மொத்தம் 124 சதுர அடி. முன்பக்கப் பரப்போ வெறும் 28 சதுர அடி.

முதலாமவர் விலை 28 × 1,500 = 42,000 ரூபாய். இரண்டாமவர் விலை 124 × 450 = 55,800 ரூபாய். 6 மி.மீ. பின்பலகை 28 சதுர அடியையும் அவர் அதே விலையில் சேர்த்தால் 68,400. சதுர அடிக்குக் குறைவாகச் சொன்னவர்தான் மொத்தத்தில் அதிகம் வாங்குகிறார்.

ஆகவே சதுர அடி விலையை மறந்துவிட்டு, ஒரே வரைபடத்துக்கு இருவரிடமும் மொத்தத் தொகை கேளுங்கள். இந்தக் கணக்கு உங்களுக்கு இன்னொரு வகையிலும் உதவும். 8-க்கு 4 ஷீட் என்பது 32 சதுர அடி. வெட்டும் சேதாரம் போக 27 கைக்கு வரும். 124 சதுர அடிக்கு ஐந்து ஷீட் போதும். எட்டு ஷீட் என்று பில் வந்தால் வெட்டுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்க வேண்டியவை: பலகையின் வகை, தடிமன், ஐ.எஸ். எண் (இந்தியத் தர எண்), வெளிப்புற லேமினேட் (பலகைமேல் ஒட்டும் அலங்காரத் தகடு) 1 மி.மீ., உட்புறம் 0.8 மி.மீ.; கதவு விளிம்பை மூடி ஒட்ட 2 மி.மீ. டேப், பெட்டி விளிம்புக்கு 0.8 மி.மீ.; கீல், சேனல், கூடை ஒவ்வொன்றின் தயாரிப்பாளர் பெயரும் எண்ணிக்கையும்; கைப்பிடி, கால், ஸ்கர்ட்டிங் (கால்களை முன்னால் மறைக்கும் பட்டை) சேர்ந்ததா இல்லையா; 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா தனியா. 'ஆக்சசரீஸ் எக்ஸ்ட்ரா' என்ற ஒற்றை வரியில்தான் பலருடைய பட்ஜெட் கவிழ்கிறது. அந்த வரி இருக்கிற பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கதவின் இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்ட வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் மறுபக்கம் காற்றின் ஈரத்தை இழுத்து, கதவு வில்போல வளையும். பிறகு எந்தக் கீலைத் திருகினாலும் நேராகாது.

கேள்வி: தாம்பரத்தில் தரைத்தள வீடு. கரையான் உண்டு, மழைக்காலத்தில் தரை ஈரம் காணும். பிளைவுட், எச்.டி.எச்.எம்.ஆர். (ஈரம் தாங்கும் அடர்த்தியான மரநார்ப் பலகை), பி.வி.சி., அலுமினியம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், தாம்பரம்

பதில்: முழுச் சமையலறைக்கும் ஒரே பொருள் என்று ஏன் நினைக்க வேண்டும்? ஒவ்வோர் இடத்துக்கும் அதற்கேற்றதைப் போடுவதே சிக்கனம்.

சமையலறையில் முதலில் கெடுவது சிங்க்கின் அடிப்பெட்டிதான். வேஸ்ட் கப்ளிங் (சிங்க்கின் கழிவுநீர் வாய்) கசியும். குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பில் டேப் இருக்காது, பலகை அந்த வழியாக நீரைக் குடித்து உப்பும். அங்கே மட்டும் பி.வி.சி. ஃபோம் போர்டு போடுங்கள். அல்லது பெட்டியே வேண்டாம். கதவை மட்டும் மாட்டி, தரையைத் திறந்து விடுங்கள். கசிவு அன்றைக்கே கண்ணில் படும்.

பி.வி.சி. போர்டில் தரம் பார்க்க எடைபோட்டாலே போதும். 18 மி.மீ., 8-க்கு 4 அடி ஷீட், அடர்த்தி 0.6 என்றால் 32 கிலோ இருக்கும். 0.45 என்றால் 24 கிலோதான். லேசான ஷீட்டில் திருகு பிடிக்காது, கீல் பிய்ந்து வரும். உள்ளே கூடு கூடாக இருக்கும் பி.வி.சி. ஷீட்டை அடுப்புக்கு அருகிலும் கனமான பாத்திரத் தட்டுக்கும் போடாதீர்கள். சூட்டில் வளையும், பாரத்தில் தொய்யும்.

மற்றக் கீழ்ப்பெட்டிகளுக்கு ஐ.எஸ். 710 பிளைவுட். இந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிப்பார்கள். இதைக் கடைக்காரர் 'மெரைன்' என்று வாயால் சொல்வது போதாது. ஷீட்டின் மேல் 710 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். தண்ணீர் எட்டாத மேல்பெட்டிகளுக்கு ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) பிளைவுட்டோ எச்.டி.எச்.எம்.ஆர். பலகையோ தாராளமாகப் போதும். சாதாரண எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை), பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூள் பலகை) இரண்டையும் உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அலுமினியத்துக்குக் கரையானும் இல்லை, ஊறலும் இல்லை. உங்களைப் போன்ற தரைத்தள வீட்டுக்கு அது உண்மையிலேயே பொருந்தும். மெல்லிய செக்‌ஷனில் கீல் திருகு தளர்வதும், கதவு சாத்தும் சத்தமும்தான் அதன் குறை. கீல் வரும் இடத்தில் உள்ளே கூடுதல் பட்டை கொடுக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பொருளானாலும் பெட்டி தரையைத் தொடக்கூடாது. 4 அங்குல பி.வி.சி. கால்களின் மேல் நிற்கட்டும். முன்னால் ஸ்கர்ட்டிங் கிளிப்பில் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற நம் தரைக்கு இது கட்டாயம். பெட்டி வருவதற்கு முன்பே, தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டுக் கரையான் மருந்து செலுத்தி அடைத்துவிடுங்கள். பெட்டி வந்த பிறகு அந்த மூலைக்குக் கை போகாது.

கேள்வி: அக்ரிலிக் கதவு பளபளவென்று இருக்கிறது. போடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: மேல்பெட்டிக்குப் போடலாம். கீழே வேண்டாம், நார் வைத்துத் தேய்த்தால் கீறல் விழும், எண்ணெய்க் கைத்தடம் ஒவ்வொன்றும் தெரியும். கீழே மேட் லேமினேட்தான் நிம்மதி. எம்.டி.எஃப். மேல் பி.வி.சி. படலம் இழுத்த மெம்பரேன் கதவை அடுப்புக்குப் பக்கத்தில் போடவே கூடாது. சூட்டில் ஓரம் பிரிந்து உரியும்.

கேள்வி: இரண்டே வருடத்தில் கூடைகள் துருப்பிடித்துவிட்டன. வாங்கும்போது காந்தம் வைத்துக் காட்டினார்கள், ஒட்டவில்லை. ஏமாந்தது எப்படி?
– வாசகி, கோவை

பதில்: காந்தம் ஒட்டாததால் அது எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டீல் ஆகிவிடாது. 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். உப்பும் ஈரமும் பட்டால் பற்றவைத்த முனைகளில் முதலில் துரு தெரியும். வேறுபாடு காட்டச் சோதனைத் திரவம் இருக்கிறது. சொட்டு விட்டால் 202 சிவக்கும், 304 சிவக்காது. கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள், பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

புதிதாக வாங்கும்போது எல்லா அறைக்கும் கூடை வாங்க வேண்டியதில்லை. கழுவிய தட்டும் டம்ளரும் வைக்கும் கூடை 304-ல் இருக்கட்டும். மளிகை டப்பாவுக்குப் பலகை இழுப்பறையே போதும், விலையும் குறைவு. 6 அங்குல எண்ணெய்ப் பாட்டில் கூடையும், மூலைக்குச் சுழலும் தட்டும் கொடுக்கிற விலைக்கு இடம் தருவதில்லை என்பதே எங்கள் கருத்து. மூலையை இட்லிக் குண்டானுக்கும் பெரிய குக்கருக்கும் விட்டுவிடுங்கள்.

சாதாரண டெலஸ்கோபிக் சேனல் 35 முதல் 45 கிலோ தாங்கும் என்பார்கள். அது பாரம் சமமாகப் பரவியிருக்கும்போது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தை முன்பக்கம் வைத்து இழுத்தால் குண்டுமணி வரிசை கழன்றுவிடும். அரிசிக்குத் தரையில் தனி இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: சிலிண்டரைப் பெட்டிக்குள் வைக்கலாமா? மின்சார வேலையை எப்போது செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: வைக்கலாம், ஆனால் கதவின் கீழ் ஓரத்தில் காற்றுத் திறப்பு இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் படியும். அந்தப் பெட்டிக்குள் ஸ்விட்ச், பிளக் எதுவும் கூடாது. இரண்டு சிலிண்டர் நிற்க உள் அகலம் 28 அங்குலமாவது வேண்டும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும்படி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வேலை வரிசை: குழாய், ஒயரிங், டைல்ஸ், பெயின்ட் முதல் கோட், அப்புறம்தான் பெட்டி. பெட்டிக்கான இறுதி அளவை டைல்ஸ் ஒட்டிய பிறகே எடுக்க வேண்டும். ஒட்டும் கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு அரை அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கும் மைக்ரோவேவுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. ஒயர். மிக்ஸி பிளக்கை மேடைக்கு 8 அங்குலம் மேலே, சிங்க்கை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கடைசித் தவணை 10 சதவீதத்தையாவது கையில் வைத்திருங்கள். பெட்டி மாட்டிய அன்று சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்து விட்டு, கீழே செய்தித்தாள் விரித்துப் பாருங்கள். தாள் அரை மணி நேரம் காய்ந்தே இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.