வாசகர் கேள்வி – பதில்: பழைய காருக்குப் புதிய வயரிங்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் வடசென்னை வாசகர்கள் வயரிங் குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் தந்தையார் வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் புதுப்பித்து வருகிறேன். இன்ஜின் வேலையும் பாடி வேலையும் முடிந்துவிட்டன. பழைய வயர்களின் உறை தொட்டாலே உதிர்கிறது. எங்கு பார்த்தாலும் ஒட்டுப் போட்ட ஜாயிண்டுகள். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டர் வைக்கவும், ஹாலஜன் ஹெட்லைட்டும் ரேடியேட்டருக்கு மின்விசிறியும் பொருத்தவும் விரும்புகிறேன். "வயரை வாங்கி வாருங்கள் சார், வண்டியிலேயே ஒவ்வொன்றாக இழுத்துவிடலாம்" என்கிறார் எலக்ட்ரீஷியன். அப்படிச் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?
– ராயபுரம் வாசகர்

பதில்: 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான வண்டியைத் தாங்கள் மீட்டெடுப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், வயர் வாங்குவது இந்த வேலையின் கடைசிப் பகுதி. முதலில் ஒரு நோட்டை எடுத்து, மின்சாரத்தில் இயங்கும் ஒவ்வொரு பொருளையும் வரிக்கு ஒன்றாக எழுதி, அதன் வாட் எவ்வளவு, அதை 12-ஆல் வகுத்தால் வரும் ஆம்பியர் எவ்வளவு, அது தொடர்ந்து இயங்குவதா சில விநாடிகள் மட்டும் இயங்குவதா, எந்த ஸ்விட்சுக்கும் எந்த ஃபியூஸுக்கும் கீழ் வருகிறது, மின்னோட்டம் எந்த வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது என்பவற்றை எதிரே குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. பழைய வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கு என்ன சொல்லும் என்பதற்கு, மழை பெய்யும் ஓர் இரவில் தங்கள் கார் கேட்கும் மின்னோட்டத்தைத் தோராயமாகக் கூட்டிப் பார்ப்போம். இரண்டு ஹெட்லைட்டுகளுக்கு 10 ஆம்பியர். பார்க்கிங், பின்விளக்கு, நம்பர் பிளேட், டாஷ்போர்டு விளக்குகள் எல்லாவற்றுக்கும் 2.5, வைப்பருக்கு 4, இக்னிஷன் காயிலுக்கு 4, சிறிய ரேடியேட்டர் விசிறிக்கு 8, பிரேக்கை மிதித்தால் மேலும் 3.5. ஆக மொத்தம் 32 ஆம்பியர். அந்தக் காலத்து டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலும் சுமார் 20 ஆம்பியர்தான் தரும்; ஐடிலிங்கில் அதுவும் கிடையாது. ஆகவே ஆல்டர்னேட்டர் வைக்கும் முடிவு சரியானதே. 40 ஆம்பியருக்கு மேல் தரக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். அதிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் வயர் 10 சதுர மி.மீ. இருக்கட்டும், பழைய 2.5 சதுர மி.மீ. வயரையே அதற்குப் பயன்படுத்தினால் அது சூடாகி உருகும். சார்ஜிங் விளக்கை அலங்காரத்துக்கானது என்று எண்ணிவிட வேண்டாம். பல ஆல்டர்னேட்டர்களில் சுமார் 2 வாட் பல்பின் வழியாகச் செல்லும் சிறு மின்னோட்டம்தான் சார்ஜிங்கைத் தொடங்கி வைக்கிறது. அந்த இடத்தில் சாதாரண எல்இடியைப் போட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

ஆல்டர்னேட்டரைப் பொருத்துவதற்கு முன்னால், பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் வழிவந்த அக்காலக் கார்களில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்வது வழக்கமாக இருந்தது. இன்று கிடைக்கும் ஆல்டர்னேட்டர்களோ நெகட்டிவ் எர்த் முறைக்கானவை. மாறிப் போய் இணைத்தால் உள்ளிருக்கும் டயோடுகள் அக்கணமே எரிந்துவிடும். எர்த்தை மாற்றும்போது இக்னிஷன் காயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும்.

அடுத்து வயரின் தடிமன். ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மி.மீ. பருமனும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.0175 ஓம். பேட்டரியில் புறப்பட்டு, டாஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போய், டிப்பர் (ஒளியைத் தாழ்த்தும் ஸ்விட்ச்) வழியாக முன்விளக்குக்கு வரும் பழைய பாதை இதே பருமனில் சுமார் 6 மீட்டர் என்று கொண்டால், அதில் 10 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே தொலைந்துவிடுகிறது. பல்பின் ஒளி வோல்ட்டேஜைவிட மிக வேகமாகக் குறையும் என்பதால், இந்த ஒரு வோல்ட் இழப்பில் ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் போய்விடும். விளக்கு மங்கல் என்று 100 வாட் பல்ப் வாங்கிப் போடுகிறவர்கள் இழப்பை மேலும் கூட்டி, ஸ்விட்சையும் கருக்கிவிடுகிறார்கள். 60/55 வாட் பல்பையே வைத்துக்கொண்டு, பேட்டரிக்கு அருகில் ரிலே (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்ச்) பொருத்தி, அங்கிருந்து 2.5 சதுர மி.மீ. வயரை 2 மீட்டருக்கு இழுத்தால் இழப்பு 0.14 வோல்ட்தான். ரிலேயில் 30-ஆம் முனைக்கு பேட்டரி, 87-ஆம் முனையிலிருந்து விளக்கு, 85, 86 இரண்டும் ரிலேயை இயக்கும் உள் காயிலுக்கு. காயில் எடுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு என்பதால், ஹெரால்டின் பழைய ஸ்விட்சை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அந்த டாஷ்போர்டின் அழகைக் கெடுக்க வேண்டியதில்லை.

ஃபியூஸ் காப்பது வயரை, பொருளை அன்று. ஆகவே பொருளின் தேவையைக் கொண்டு வயரையும், வயரின் தாங்குதிறனைக் கொண்டு ஃபியூஸையும் தீர்மானியுங்கள். வயர்கள் கட்டுக்குள் நெருங்கிக் கிடந்து சூடேறும் என்பதால் 1 சதுர மி.மீ. வயருக்கு 10 ஆம்பியர், 1.5-க்கு 15, 2.5-க்கு 20 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இடது ஹெட்லைட்டுக்கும் வலது ஹெட்லைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது எர்த், அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி, அதன்மேல் போல்ட் போட்ட பாடி தனி. இன்ஜினோ ரப்பர் மவுண்ட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு தடித்த கேபிளும், சேஸிஸுக்கு ஒன்றும், பாடிக்கு ஒன்றும் தனித்தனியே கொடுங்கள். இன்ஜின் கேபிளை மறந்துவிட்டால், செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் முழுவதும் சோக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுகிறது என்றால் காரணம் இதுதான். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். முன்பக்கம் மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும் பானட்டில்தான் ஹெட்லைட்டுகள் இருக்கின்றன என்பதால், கீல்களை நம்பாமல் விளக்குகளுக்குத் தனி எர்த் வயரே கொடுக்க வேண்டும். பானட் திறந்து மூடும்போது வளையும் இடத்தில் கொஞ்சம் தளர்வும், கழற்றி மாட்டக்கூடிய ஒரு கப்ளரும் இருக்கட்டும்.

இவ்வளவும் காகிதத்தில் முடிந்த பின், சணல் கயிற்றை எடுத்து, வயர் போகவேண்டிய பாதையிலேயே வண்டிக்குள் ஓட்டிப் பாருங்கள். கிளை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சுப் போட்டு, எந்தப் பொருளுக்கான கிளை என்று சீட்டுக் கட்டுங்கள். பிறகு கயிற்றை அப்படியே வெளியே எடுத்து, ஒரு பிளைவுட் பலகையில் கிடத்தி, முடிச்சு உள்ள இடங்களில் ஆணி அடித்துவிட்டால், வண்டியின் வயரிங் முழு அளவில் கண்முன் விரியும். அந்தப் பலகையின்மேல் ஒவ்வொரு முனையிலும் 15 செ.மீ. கூடுதலாக விட்டு வயர்களை ஓட்டி, கட்டி, சோதித்து, ஒரே கட்டாக வண்டிக்குள் கொண்டு போகலாம். தங்கள் எலக்ட்ரீஷியனின் கைவேலையில் குறை இருக்காது. ஆனால் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாக இழுத்தால் எந்த வயர் எங்கே போகிறது என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கும். அவரையும் பலகைக்கு அருகில் உட்கார வையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். என் பத்மினி காருக்குப் புதிய வயரிங் செய்யும்போது எதில் கவனம் வேண்டும்? இணைப்புகளுக்கு ஈயப்பற்று வைப்பது நல்லதா, கிரிம்பிங் நல்லதா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: ஃபியூஸ் பாக்ஸும் ரிலேக்களும் சீட்டின் உயரத்துக்கு மேலேயே இருக்கட்டும். தரைவழியாகப் பின்விளக்குக்குப் போகும் கட்டில் நடுவழியில் ஒரு ஜாயிண்ட்கூட வரக்கூடாது. தண்ணீர் வயரைக் கெடுப்பதைவிட ஜாயிண்டைத்தான் கெடுக்கிறது. உறைக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால், மெல்லிய இழைகளுக்கு இடையே ஏறிப் பல அங்குலம் உள்ளே சென்று, செம்பைப் பச்சை பூக்க வைத்துவிடும். வெளியே பார்த்தால் வயர் புதிதுபோலவே இருக்கும். கடற்காற்றின் உப்பும் சேரும் நம் பகுதிக்கு, கொஞ்சம் விலை கூடினாலும், வெள்ளீயம் பூசிய செம்பு இழை வயர் வாங்குவதையே நான் வற்புறுத்துவேன்.

ஈயப்பற்றைப் பொறுத்தவரை, உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்தப் பகுதியை விறைப்பாக்கிவிடும். வண்டியின் அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். வயர் முனையில் மாட்டும், அளவுக்குப் பொருந்திய திம்பிளும், அதை அழுத்தி இறுக்க ராட்செட் உள்ள கிரிம்பிங் கருவியும் இருந்தால் கிரிம்பிங்தான் மேல். கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி இழுத்துப் பாருங்கள்; கழன்றால் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். அதன்மேல், உட்புறம் பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடாக்கினால், ஓரத்தில் பசை சிறு வளையமாகப் பிதுங்கி வரும். அது முழுச் சுற்றும் வந்தால்தான் தண்ணீர் புகாது.

கேள்வி: வீட்டு வயரிங்கில் மீந்த 2.5 சதுர மி.மீ. வயர் ஒரு சுருள் இருக்கிறது. அதைக் காரில் பயன்படுத்தலாமா?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: வேண்டாம். சுவருக்குள் அசையாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட வயர் அது. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி செல்சியஸ் வரைக்குமே உரியது. இன்ஜின் அறையின் வெப்பம், ஆயில், அதிர்வு மூன்றையும் தாங்க, 105 டிகிரிக்கு மேல் தாங்கும் ஆட்டோமொபைல் வயரையே வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அம்பாசடருக்கு எல்லா வயரும் சிவப்பிலும் கறுப்பிலும் போதாதா? நிறம் மாற்றி வாங்கினால் செலவு கூடுகிறதே?
– பெரம்பூர் வாசகர்

பதில்: அந்தச் செலவைச் செய்யுங்கள். அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்தது என்பதால் பிரிட்டிஷ் நிற முறையே அதற்குப் பொருந்தும்: பேட்டரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது பச்சை, ஹெட்லைட் நீலம், பார்க்கிங் விளக்கு சிவப்பு, எர்த் கறுப்பு. இந்த ஆறு நிறங்களில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கிளைகளை வேறுபடுத்த, இரு முனைகளிலும் எண் எழுதிய ஸ்லீவ் மாட்டி, அதே எண்ணை நோட்டிலும் எழுதுங்கள். வேறொருவர் பழுது பார்க்க வரும்போது அவரிடம் அந்த நோட்டைக் கொடுத்தால் போதும்.

கேள்வி: வயரிங் முடிந்து முதன்முதலாக பேட்டரி கொடுக்கும்போது எதுவும் எரிந்துபோகாமல் இருக்க வழி உண்டா?
– கொடுங்கையூர் வாசகர்

பதில்: உண்டு. எல்லா ஃபியூஸ்களையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பிரேக் பல்பை இணைத்துக்கொள்ளுங்கள். எங்கேனும் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும்; மின்னோட்டம் 1.75 ஆம்பியரைத் தாண்டாது என்பதால் வயருக்கு ஆபத்தில்லை. பல்ப் எரியாமல் இருந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அந்தந்த ஸ்விட்சையும் இயக்கிப் பாருங்கள். செல்ஃப் மட்டும் இந்த நிலையில் அடிக்கக்கூடாது. எல்லாம் சரியென்றால் பல்பை நீக்கி பேட்டரியை நேரடியாக இணைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மற்றதை விளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி மீண்டும் சுரண்டுங்கள்.