கொடியை எரித்தவருக்காக ஸ்காலியா போட்ட ஓட்டு

கேள்வி: அமெரிக்கப் பழமைவாதிகளுக்கென்று கொள்கை ஏதாவது உண்டா? டிரம்ப் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற கூட்டம்தானே அது?

பதில்: தலையாட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கொள்கையே கிடையாது என்பதைத்தான் ஏற்க முடியாது.

1984-ல் டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, போராட வந்த ஒருவர் அமெரிக்கக் கொடியை எரித்தார். டெக்சாஸ் நீதிமன்றம் ஓராண்டு சிறை விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கொடியை எரிப்பதும் கருத்துச் சுதந்திரம்தான் என்று 1989-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். அந்த ஐவரில் ஒருவர் அன்டனின் ஸ்காலியா. குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகன் நியமித்த நீதிபதி. பழமைவாதிகள் இன்றைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர். கொடியை எரிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. என் இஷ்டம் என்றால் அவர்களை உள்ளே தள்ளியிருப்பேன், ஆனால் நான் ராஜா இல்லையே என்று பிற்பாடு பேசியிருக்கிறார். தன் கோபத்தைவிட அரசியல் சட்டம் பெரிது என்று நினைத்தாரே, அதற்குப் பெயர் கொள்கை இல்லையா?

2016-ல் ஸ்காலியாவைப் போன்றவர்களைத்தான் நீதிபதிகளாக்குவேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர் டிரம்ப். அவரே 2025 ஆகஸ்டில், கொடி எரிப்பவர்கள் மீது வேறு சட்டங்களின் கீழாவது வழக்குப் போடுங்கள் என்று உத்தரவிட்டார். அதே மாதம் கணினிச் சிப் தயாரிக்கும் இன்டெல் கம்பெனியில் ஏறத்தாழ 10 சதவீதப் பங்கு அமெரிக்க அரசின் கைக்கு வந்தது. 2009-ல் ஒபாமா அரசு ஜெனரல் மோட்டார்ஸில் பங்கு எடுத்தபோது சோஷலிசம் என்று கூப்பாடு போட்ட கட்சிதான் டிரம்பின் குடியரசுக் கட்சி! இந்த முறை பெரும்பாலோர் வாயே திறக்கவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அரசின் கையைக் கட்டிவைக்க வேண்டும் என்று சொல்ல ஒரு வலுவான கட்சி எந்த நாட்டுக்கும் தேவை.

ஆனால் அதே கட்சியின் கென்டக்கி மாநில செனட்டர் ராண்ட் பால் வாய் திறந்தார். இன்டெல் விஷயம் சோஷலிசத்தை நோக்கி எடுத்துவைக்கும் அடி இல்லையா என்று வெளிப்படையாகவே கேட்டார். 2025 ஏப்ரலில், கனடா மீது டிரம்ப் போட்ட வரிகளை எதிர்த்துத் தீர்மானம் வந்தபோது, எதிர்க்கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட்ட நான்கு குடியரசுக் கட்சி செனட்டர்களில் அவரும் ஒருவர், செனட்டில் அந்தக் கட்சியின் முன்னாள் தலைவர் மிட்ச் மெக்கானலும் ஒருவர். வரி போடும் அதிகாரம் காங்கிரசுக்கு உரியது, தனி ஒருவருக்கு அல்ல என்பது ராண்ட் பாலின் வாதம். நீங்கள் சொல்லும் கூட்டத்தில் இவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள்?