வெயிலும் பிள்ளைகளின் உடையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்கு வயது மகளைத் திறந்தவெளி நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகிறோம். மேலே ஒரு வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் போட்டுவிடுகிறேன். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் உடை என்று தனியாக விற்கிறார்களே, அது நிஜமாகவே தேவையா, இல்லை வெறும் விளம்பரமா?

பதில்: விளம்பரமும் கொஞ்சம் உண்டு, ஆனால் தண்ணீரில் இறங்கும் பிள்ளைக்கு அது தேவைதான். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியின் யுபிஎஃப் பெரும்பாலும் 10-ஐத் தாண்டாது, நனைந்தால் இன்னும் இறங்கிவிடும். யுபிஎஃப் என்பது துணிக்கான கணக்கு: 50 என்றால் மேலே விழும் புற ஊதாக் கதிரில் 2 சதவீதம்தான் உள்ளே போகும், 5 என்றால் 20 சதவீதம் போய்விடும். சன்ஸ்கிரீனில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் வேறு. அது தோல் சிவப்பதை வைத்து அளப்பது.

எண்ணைப் பார்த்த கையோடு உடையின் நீளத்தையும் பாருங்கள். 50+ என்று பெரிதாக அச்சடித்துவிட்டு கையில்லாத சட்டையாகத் தைத்து விற்கிறார்கள், அப்புறம் தோளை யார் காப்பாற்றுவது? முழுக்கை, உயர்ந்த கழுத்து, முழங்கால் வரையாவது கால்சட்டை இருக்கட்டும். போன வருட உடை இறுகிப்போயிருந்தால் அதையே இழுத்து மாட்டாதீர்கள், துணி விரியும்போது இழைகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகி கதிர் நுழையும்.

தண்ணீர் இல்லாத மற்ற நேரத்துக்குத் தனி உடை வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. வீட்டில் இருக்கும் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் இருப்பது தெரிந்தால் கதிரும் புகும். நெருக்கமான நெசவும் அடர் நிறமும் நல்லது. ஜீன்ஸ் துணி பிரமாதமாகத் தடுக்கும், அதற்காகப் புழுக்கத்தில் அதை மாட்டி ஓடவிட வேண்டாம், தொளதொளப்பான முழுக்கைச் சட்டையே போதும். தொப்பி வாங்கினால் சுற்றிலும் அகன்ற விளிம்பு உள்ளதாக வாங்குங்கள், முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பியில் காதும் பிடரியும் வெளியேதான் இருக்கும்.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 4 மாதம். வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் தடவலாமா?

பதில்: ஆறு மாதம் ஆகும் வரை நிழலும் துணியும்தான் முதல் வழி. கை கால் மூடிய மெல்லிய, தளர்வான உடை, ஒரு தொப்பி, நேர் வெயில் படாத இடம். நிழலே இல்லாத இடத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தடவுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி மூடுவது. மெல்லிய துணியாக இருந்தாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். வண்டியோடு வரும் கூரையை இழுத்துவிட்டு, குழந்தையின் பிடரியை அடிக்கடி தொட்டுப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஓர் அடுக்குத் துணியைக் கழற்றிவிடலாம்.